பிடிபட்டவனைப் பேச வைப்பது யார் பொறுப்பு?

2014-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் ஸ்டார்ட்டர் செட் பெட்டிக்குள் வந்த சாகசம் ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்’. அதை ஆடியவர்களுக்கு இயார்னோ ஆல்ப்ரெக்கை மறந்திருக்காது. ஃபான்டலின் என்ற சிற்றூரில் சட்டம் ஒழுங்கை நிலைநாட்ட அனுப்பப்பட்டவன். வந்த இடத்தில் ‘ரெட்பிராண்ட்ஸ்’ என்று ஓர் அடியாள் கூட்டத்தைத் திரட்டி, காக்க வந்த ஊரையே மிரட்டிப் பிழைக்கிறான். கையில் கண்ணாடிக் கோல் வைத்திருப்பதால் ‘கிளாஸ்டாஃப்’ என்று பெயர். அவனுக்கும் மேலே ‘பிளாக் ஸ்பைடர்’ என்று முகம் காட்டாத ஒருவன் இருக்கிறான். இந்தச் சாகசத்தை இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதன் சில முடிச்சுகள் இங்கே அவிழும்.

ஒரு குழு கிளாஸ்டாஃபை உயிரோடு பிடித்துவிடுகிறது. கோலைப் பிடுங்கி, கையைக் கட்டி, நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. “உன் எஜமான் எங்கே இருக்கிறான்?” என்று ஒருவர் கேட்கிறார். எல்லார் பார்வையும் கேம் மாஸ்டர் மேல் விழுகிறது. அந்தக் கேள்விக்கு வரப்போகும் பதிலைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்த ஆட்டம் இது. ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் அதில் உள்ள வில்லன்களையும் ஊர்க்காரர்களையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். பேச்சாலேயே கதை நகரும். முடிவு தெரியாத இடங்களில் பகடை உருளும். மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில், ஒரே கதை தொடரும். அதைத்தான் கேம்பெயின் என்கிறார்கள்.

நம் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், கேம் மாஸ்டர் என்பது. வில்லனின் வாய் அவருடையதுதானே! இன்னொரு பதில், பகடை: 20 முகப் பகடையில் பெரிய எண் விழுந்தால் சொல்வான், சிறிய எண் விழுந்தால் வாயைத் திறக்கமாட்டான். மூன்றாவது பதிலை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் பல குழுக்களில் நடப்பது அதுதான். யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ, யார் அதிகக் கொடூரத்தை வர்ணிக்கத் துணிகிறாரோ, அவர் தீர்மானிக்கிறார். இவற்றில் எதுவும் போதாது என்பதே நம் கருத்து. வில்லனுக்கு என்ன தெரியும் என்பது கேம் மாஸ்டர் கையில் இருக்கட்டும். அதை வெளியே கொண்டுவர என்ன விலை கொடுக்கலாம், எந்த விலையை ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்பதைக் குழு முழுவதும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவின் பொறுப்பையும் எல்லாரும் சுமக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கைதியை விசாரிக்கும் காட்சி ஒரு குழுவின் பரஸ்பர நம்பிக்கையைச் சோதிக்கும் இடம். பிடிபட்டவன் பல்லிடுக்கில் மறைத்த விஷத்தைக் கடித்துச் சாகிறான். அல்லது பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது ஜன்னல் வழியே ஓர் அம்பு வந்து தைக்கிறது. அல்லது சொன்னது அத்தனையும் பொய். ஒருமுறை நடந்தால் ரசிக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் ஆட்டக்காரர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: உயிரோடு பிடிப்பது வீண். அடுத்த முறை சரணடைகிறவனையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். அதன்பின், தன் குழு எதற்கெடுத்தாலும் கொலையில்தான் போய் நிற்கிறது என்று அதே கேம் மாஸ்டர் வருந்துகிறார்.

மறுபக்கமும் உண்டு. “சொன்னால் விட்டுவிடுகிறோம்” என்று வாக்குக் கொடுத்து, சொல்லி முடித்ததும் கழுத்தை அறுக்கும் குழுக்கள் குறைவில்லை. அந்தச் செய்தி அந்தக் கற்பனை உலகத்தில் பரவாதா? இனி எந்த வில்லன் ஆயுதத்தைக் கீழே போடுவான்? கைதியின் சொல்லுக்கும் கைதிக்குக் கொடுத்த சொல்லுக்கும் மதிப்பு இருக்கும் என்ற நம்பிக்கை ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. ஒருவர் அதில் அழுக்கைக் கொட்டினாலும் எல்லார் வீட்டுத் தண்ணீரும் கெட்டுப்போகும்.

கேம் மாஸ்டர்கள் ரகசியத்தை இறுகப் பற்றிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். முக்கியமான செய்தி இப்போதே வெளியானால் கதை முடிந்துவிடும் என்ற பயம். இதற்கு நல்ல மருந்து அதே சாகசத்தின் முதல் சண்டையிலேயே இருக்கிறது. சாலையில் பதுங்கியிருந்து தாக்கும் கோப்ளின்களில் ஒன்றை உயிரோடு பிடித்தால் அதற்கு என்னென்ன தெரியும் என்று நூல் பட்டியலே தருகிறது. அவை பதுங்கும் குகையில் 20-க்கும் குறைவான கோப்ளின்கள்தான் இருக்கின்றன. அவற்றின் தலைவன் கிளார்க். கிளார்க்குக்கு மேலே க்ரோல் என்ற அரசன், க்ராக்மா கோட்டையில். அந்தக் கோட்டை குகையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 20 மைல். குண்ட்ரென் என்ற குள்ளனைப் பிடித்து அனுப்பச் சொல்லிக் காசு கொடுப்பவன் பிளாக் ஸ்பைடர். தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கு, முதல் மணி நேரத்திலேயே, மூல வில்லனின் பெயர் வரை கொடுத்துவிடுகிறார்கள். அதனால் கதை முடிந்துவிடவில்லை; தொடங்குகிறது. கோட்டை இருக்கும் திசை தெரிந்துவிட்டால் கோட்டை கைக்கு வந்துவிடாது. போக வேண்டும், உள்ளே நுழைய வேண்டும், யாரை முதலில் காப்பாற்றுவது என்று தங்களுக்குள் வாதாட வேண்டும். செய்தியைப் பெற்ற குழுவுக்குத்தான் அந்த வாதமே வாய்க்கிறது.

அந்தப் பட்டியலின் இன்னொரு சிறப்பு, கோப்ளினுக்குத் தெரியாதவற்றை அது கோப்ளின் வாயில் வைக்கவில்லை. பிளாக் ஸ்பைடர் யார், என்ன ஆள், எதற்காகக் குள்ளனைத் தேடுகிறான் என்பதெல்லாம் அடிமட்ட ஆளுக்கு எப்படித் தெரியும்? கேம் மாஸ்டரின் முதல் கடமை இதுதான்: விசாரணை தொடங்கும் முன்பே, பிடிபடக்கூடிய ஒவ்வொரு முக்கிய ஆளுக்கும் என்ன தெரியும் என்று எழுதி வைப்பது. கூடவே, அவன் எதைத் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறான் என்பதையும் எழுத வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் விசாரணைக் காட்சிக்கு உயிர் கொடுப்பதே அதுதான். எஜமான் தன்னைக் கைவிடமாட்டான் என்று நம்புகிற கைதி மனமறிந்து பொய் சொல்லாமலே குழுவைத் தவறான வழியில் அனுப்பிவிடுவான். பின்னால் உண்மை தெரியவரும்போது, கேம் மாஸ்டர் ஏமாற்றிவிட்டார் என்று யாருக்கும் தோன்றாது.

குழுவுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஒருவன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஊரைக் கொளுத்தப் புறப்படக் கூடாது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துவந்தால்தான் நம்பச் சொல்கிறது. ரோல்பிளேயிங் சாகசங்களை எழுதுகிறவர்களுக்கு ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-இல் சொன்ன விதியும் மூன்றில்தான் நிற்கிறது: ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்களாவது வைக்க வேண்டும். முன்னது கேட்கிறவனுக்கு, பின்னது சொல்கிறவனுக்கு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், கைதியின் வாய் ஒன்றையே நம்பி எந்தக் கதையும் தொங்கிக்கொண்டிருக்காது. கிளாஸ்டாஃபின் அறையில் பிளாக் ஸ்பைடர் எழுதிய கடிதம் ஒன்று கிடக்கிறது. அவன் ஊமையாக இருந்தாலும், தப்பி ஓடியே போனாலும், கதை நகர வழி இருக்கிறது. அதனால்தான் கேம் மாஸ்டர் அவனை நேர்மையாகப் பேசவும் விடலாம், நேர்மையாக மறுக்கவும் விடலாம்.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருவோம்.

2014-இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ‘இன்டிமிடேஷன்’ என்ற மிரட்டல் திறனை விளக்கும் இடத்தில், கைதியிடமிருந்து செய்தியைக் கறப்பதே முதல் உதாரணம். அதைப் படிக்கிற புதியவர், கைதி என்றால் மிரட்ட வேண்டும் என்று நினைப்பது இயல்பு. சினிமாவும் அதையே கற்றுக்கொடுத்திருக்கிறது: அடி, உதை, விரல் ஒடியும் சத்தம், உடனே முகவரி. உண்மை உலகம் அப்படி இயங்குவதில்லை. இப்னு அல்-ஷேக் அல்-லீபி என்ற கைதி எகிப்தில் சித்திரவதையின்போது, ஈராக் அல்-காய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னார். 2003 பிப்ரவரியில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அந்தக் கூற்றை ஆதாரமாக முன்வைத்தார். பிறகு அல்-லீபி அதைத் திரும்பப் பெற்றார். வலியை நிறுத்துவதற்காகக் கேட்டவர்கள் விரும்பியதைச் சொல்லியிருந்தார். அதற்குள் ஈராக் போர் தொடங்கிவிட்டிருந்தது. அமெரிக்க செனட்டின் உளவுக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும், சிஐஏ கையாண்ட கொடூர முறைகள் கைதிகளிடமிருந்து நம்பகமான செய்தியைப் பெற உதவவில்லை என்றே முடித்தது.

இதற்கு நேர் எதிரான பாடம் ஹான்ஸ் ஷார்ஃப். இரண்டாம் உலகப் போரில், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே ஓபருர்சலில் இருந்த ஜெர்மன் விமானப்படையின் விசாரணை முகாமில், பிடிபட்ட அமெரிக்க விமானிகளை விசாரித்தவர். அவர் கை ஓங்கியதில்லை. கைதிகளோடு காட்டுப் பாதையில் நடப்பார், நண்பரைப் போலப் பேசுவார், எல்லாம் தனக்கு முன்பே தெரியும் என்ற தோற்றத்தைக் கொடுப்பார். அமெரிக்க விமானங்கள் சுடும் டிரேசர் குண்டுகள் திடீரென்று வெள்ளைப் புகை விட்ட காரணம் ஜெர்மானியர்களுக்குப் புரியவில்லை. உங்கள் நாட்டில் ரசாயனத் தட்டுப்பாடு வந்துவிட்டதாமே என்று ஷார்ஃப் பேச்சுவாக்கில் சொல்ல, அதெல்லாம் இல்லை, குண்டு தீரப்போகிறது என்று விமானிக்குக் காட்டும் அடையாளம் அது என்று கைதியே திருத்திவிட்டார். ரகசியம் ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆட்ட மேசைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. “உன் எஜமான் நெவர்விண்டர் நகரத்துக்கு ஓடிவிட்டானாமே” என்று ஓர் ஆட்டக்காரர் தெரிந்தே தவறாகச் சொல்லட்டும். கர்வம் பிடித்த கிளாஸ்டாஃப் அதைக் கேட்டுச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பே ஒரு தகவல். இப்படி முயல்கிற ஆட்டக்காரருக்குக் கேம் மாஸ்டர் தாராளமாகப் பலன் கொடுக்க வேண்டும். விரலை வெட்டுகிறேன் என்று சொல்பவருக்குக் கிடைப்பதைவிட அதிகமாகவே. எந்த வழிக்குப் பலன் கிடைக்கிறதோ அந்த வழியைத்தான் குழு அடுத்த முறையும் தேர்ந்தெடுக்கும்.

பயன் உண்டா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மனிதர்கள். டொரண்டோவிலோ லண்டனிலோ ஆடும் ஒரு தமிழ்க் குழுவில், விசாரணைக்கென்று அழைத்துப்போகப்பட்ட சித்தப்பாவின் படம் மாட்டிய வீட்டிலிருந்து ஒருவர் வந்திருக்கலாம். மதுரையில் ஆடும் குழுவில், லாக்கப்பிலிருந்து உடல் வீங்கித் திரும்பிய அண்ணனைப் பார்த்து வளர்ந்தவர் இருக்கலாம். அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆகவே சித்திரவதை நம் கதையில் இடம்பெறுமா, பெற்றால் எந்த அளவுக்கு என்ற கேள்வியை, கைதி கையில் சிக்கிய பரபரப்பில் தீர்க்க முடியாது. கேம்பெயின் தொடங்கும் முன் எல்லாரும் கூடிப் பேசும் ‘செஷன் ஜீரோ’தான் அதற்கான இடம். ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த ‘லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ்’ முறையில் சில விஷயங்கள் கதைக்குள் வரவே கூடாது. வேறு சில திரைக்குப் பின்னால் நடக்கலாம், வர்ணிக்கக் கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் 2013-இல் உருவாக்கிய எக்ஸ் கார்டு இன்னும் எளியது. மேசை நடுவில் ஒரு சீட்டு. யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும், காரணம் கேட்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு வாதம் எப்போதும் எழும்: “என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்.” கேரக்டரை உருவாக்கியவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், வேறொன்றையும் அவர் தேர்ந்தெடுக்கலாம். பாலடின் என்ற அறவீரன் ஒருவன் கருணையோடு நடக்க வேண்டும் என்கிறான், ரோக் என்ற திருடி ஒருத்தி கத்தியை எடுக்கிறாள் என்றால், அந்தச் சண்டையைப் பகடைக்கு விடக் கூடாது. ஆட்டத்தைச் சற்று நிறுத்தி, கதாபாத்திரங்களை ஓரமாக வைத்துவிட்டு, நண்பர்களாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். கொடூரம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அதுவே முடிவு. பெரும்பான்மை வாக்கெடுப்புக்கு இங்கே இடமில்லை.

பகடைக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எந்த வேலையை அதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஐந்தாம் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு (2014) எதிரிமனம் கொண்ட ஒருவனைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: 20 என்ற கடின இலக்கை எட்டினாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாதவற்றை மட்டுமே அவன் செய்வான். எஜமானைக் காட்டிக்கொடுப்பது உயிருக்கே ஆபத்து; அதைப் பகடை மட்டும் பெற்றுத்தராது. அவனுடைய ஆசையையும் பலவீனத்தையும் கண்டறிந்து, மனத்தைக் கொஞ்சம் இளக வைக்க வேண்டும். அதற்கும் அந்த நூலில் வழி இருக்கிறது, படிக்கிறவர்கள்தான் குறைவு.

மற்ற ஆட்டங்கள் இன்னும் துணிந்திருக்கின்றன. ராபின் டி. லாஸ் 2007-இல் ‘தி எஸோடெரரிஸ்ட்ஸ்’ ஆட்டத்தோடு கொண்டுவந்த கம்ஷூ முறையில், உரிய திறமை உள்ளவர் உரிய இடத்தில் கேட்டால், கதைக்குத் தேவையான தடயம் பகடை இல்லாமலே கிடைத்துவிடும். வின்சென்ட் பேக்கரின் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) ஆட்டத்தில் எதிரில் இருப்பவரை நன்கு எடைபோட்டால், அவர் உண்மை சொல்கிறாரா, அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது போன்ற கேள்விகளை ஆட்டக்காரரே நேரடியாகக் கேட்கலாம். பதில் நேர்மையாக வர வேண்டும். இவற்றிலிருந்து எந்தக் குழுவும் எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கம் ஒன்று உண்டு. செய்தி கிடைக்காவிட்டால் கதை நின்றுவிடும் என்றால், அந்தச் செய்திக்காகப் பகடை உருட்டக் கூடாது. செய்தி கிடைக்கும், அதற்குள் எவ்வளவு நேரம் போகிறது, கைதி போடும் கூச்சல் யார் காதில் விழுகிறது, பதிலுக்கு அவன் என்ன கேட்கிறான் என்பவற்றைப் பகடை சொல்லட்டும்.

மந்திரத்தால் எல்லாம் தீரும் என்று நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ மந்திரத்துக்கு வசப்பட்டவன் அதன் வட்டத்துக்குள் மனமறிந்து பொய் சொல்ல முடியாது, ஆனால் பதில் சொல்லாமல் இருக்கலாம், சுற்றி வளைத்தும் பேசலாம். ‘ஸ்பீக் வித் டெட்’ மூலம் பிணத்திடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம். கேட்பவர் பகைவர் என்றால் அது உண்மை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கொன்றுவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்ற திட்டம் அங்கேயே உடைகிறது. கைதியோடு பேரம் பேசும் வேலையை மந்திரம் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை.

குழுவின் நேரமும் பொதுவானதுதான். மூன்று மணி நேர அமர்வில் ஒருவர் மட்டும் ஒரு மணி நேரம் கைதியைக் குடைந்துகொண்டிருக்க, மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயம் இல்லை. விசாரணைக்கு முன் ஐந்து நிமிடம் கூடிப் பேசலாம். நமக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்ன? பதிலுக்கு நம்மால் தரக்கூடியது என்ன? ஒருவர் கேட்க, இன்னொருவர் கைதியின் முகத்தைக் கவனிக்க, மூன்றாமவர் அறையைச் சோதிக்க, நான்காமவர் ஊர்த்தலைவரிடம் போய் என்ன தண்டனைக் குறைப்பு சாத்தியம் என்று கேட்டு வரலாம். கொடுக்கும் வாக்கு ஒருவருடைய வாயிலிருந்து வந்தாலும் அது எல்லாருடைய வாக்கு. கொடுப்பதற்கு முன் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைப்பு வாங்கிக்கொள்வது நல்ல வழக்கம்.

பேசி முடித்தவனை என்ன செய்வது என்பதும் நம் பொறுப்பில்தான் வரும். ஃபான்டலினில் ஊர் மன்றத்தின் அடித்தளத்தில் ஒரு சிறிய சிறை உண்டு. ஊர்த்தலைவர் ஹார்பின் வெஸ்டரோ ரெட்பிராண்ட்ஸ் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறவர். கைதியை அவரிடம் விட்டுவிட்டுப் போனால் காவல் யார்? குழு போன பிறகு மிஞ்சிய அடியாட்கள் வந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளை ஆட்டத்துக்குள் கொண்டுவருகிற கேம் மாஸ்டர், ஊரைச் சும்மா நிற்கும் பின்னணியாக விடாமல் கதையின் பங்காளி ஆக்குகிறார்.

அந்த ஊரில் மிர்னா டென்ட்ரார் என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் கணவன் தெல் மரச்சிற்பி. எதிர்த்து நின்றதற்காக ரெட்பிராண்ட்ஸ் அவனைக் கொன்றார்கள், அவளையும் பிள்ளைகளையும் பிடித்து அடைத்து வைத்தார்கள். குழு அவர்களை மீட்டிருந்தால், கிளாஸ்டாஃபிடம் கேள்வி கேட்க ஹீரோக்களைவிட அவளுக்கு உரிமை அதிகம். ஒரு பத்து நிமிடம் அவள் வேடத்தை ஓர் ஆட்டக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். பிளாக் ஸ்பைடர் எங்கே என்று அவள் கேட்கமாட்டாள். யார் உத்தரவில் தன் கணவனைக் கொன்றார்கள் என்றுதான் கேட்பாள். அதற்கு கிளாஸ்டாஃப் என்ன பதில் சொல்வான் என்பதையும், தெரிந்தவை பட்டியலை எழுதும்போதே, கேம் மாஸ்டர் எழுதி வைத்திருக்க வேண்டும்.